பாதிப் படத்திலிருந்து முழுக் கார்: பழைய ஸ்போர்ட்ஸ், பந்தயக் கார்களை அடையாளம் காண்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே, பழைய நெடுஞ்சாலையில் இருக்கிறது சுங்கை சிப்புட். இதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களின் ஆல்பங்களில், துரையின் பங்களா வாசலில் நின்ற காரில் சாய்ந்தபடியோ அதைக் கழுவும்போதோ எடுத்த படங்கள் இன்னும் இருக்கின்றன. படம் எடுத்தவரின் கவனம் ஆளின் மேல் இருந்ததால், கார் பெரும்பாலும் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட படங்களைக் கொண்டுவருபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரு சக்கரமும் கொஞ்சம் மட்கார்டும்தான் தெரிகின்றன. இதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

பல நேரங்களில் முடியும். பார்ப்பவரின் கண் முதலில் காரின் முகப்பைத் தேடும். ஆனால் முகப்பைவிடச் சக்கரமும் அச்சும் நம்பத் தகுந்த சாட்சிகள். கிரில், விளக்கு, பம்பர், பெயர்ச் சின்னம் ஆகியவற்றை ஒரு பட்டறையில் ஒரே நாளில் மாற்றிவிடலாம். சக்கரம் அச்சோடு பொருந்த வேண்டும், அச்சு அடிச்சட்டத்தோடு பொருந்த வேண்டும் என்பதால் அவற்றை மாற்றுவது எளிதல்ல.

சில சக்கரங்கள் தயாரிப்பாளரின் பெயரையே சொல்லிவிடும். 1924-ஆம் ஆண்டு லியோனில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தில் முதன்முதலாக ஓடிய புகாட்டி டைப் 35-இன் சக்கரம், எட்டுப் பட்டையான ஆரங்களோடும் பிரேக் டிரம்மோடும் சேர்த்து ஒரே வார்ப்பாக அலுமினியத்தில் செய்யப்பட்டது. லோட்டஸ் 1957-இலிருந்து தன் பந்தயக் கார்களுக்குப் போட்ட மெக்னீசியச் சக்கரத்தில் ஆரமே கிடையாது. வட்டத் தகடு அலைபோல் மடிந்து மடிந்து செல்லும். ஜாகுவார் டி-டைப்பில் டன்லப் நிறுவனத்தின் துளையிட்ட உலோகத் தட்டுச் சக்கரம் இருக்கும். ஏறக்குறைய அதே தோற்றமுள்ள சக்கரம் எம்.ஜி.ஏ. ட்வின் கேம் காரிலும் உண்டு. 1958 முதல் 1960 வரை 2,111 மட்டுமே செய்யப்பட்ட வகை அது. ஆகவே அந்தச் சக்கரத்தைக் கண்டவுடன் டி-டைப் என்று முடிவுகட்டக் கூடாது.

டன்லப் என்ற பெயர் நம் தோட்டத்து மக்களுக்கு அயலானதல்ல. அந்த நிறுவனம் மலாயாவில் பெரும் ரப்பர்த் தோட்டங்களை வைத்திருந்தது. இங்கே சீவிய பால் எங்கெங்கோ ஓடிய பந்தயக் கார்களின் டயராகவும் ஆகியிருக்கும் என்று எண்ணும்போது, இந்தப் படங்களை வெறும் பொழுதுபோக்காக எனக்குப் பார்க்கத் தோன்றுவதில்லை.

தோட்டப் படங்களில் எந்தக் கார் அதிகமாக வருகிறது? அதன் வகைகளை எப்படிப் பிரிப்பது?

என்னிடம் வருபவற்றில், பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான எம்.ஜி.யின் டி வரிசைதான் அதிகம். டி.ஏ. 1936-இலும், டி.பி. 1939-இலும், டி.சி. 1945-இலும், டி.டி. 1950-இலும், டி.எஃப். 1953-இலும் வெளிவரத் தொடங்கின. எல்லாவற்றிலும் சதுரமான ரேடியேட்டர் முகப்பும் தனித்து நிற்கும் மட்கார்டும் இருப்பதால், தொலைவிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றும்.

டி.சி.யின் கம்பிச் சக்கரம் 19 அங்குலம். உயர்ந்து மெலிந்து நிற்கும். டி.டி.யின் சக்கரம் 15 அங்குலம், அதுவும் கம்பியில்லாத இரும்புத் தட்டு. ஒரே ஒரு சக்கரம் தெரிந்தால்கூட இந்த இரண்டையும் பிரித்துவிடலாம். போருக்கு முந்திய டி.ஏ., டி.பி. வகைகளையும் போருக்குப் பிந்திய டி.சி.யையும் பிரிப்பதுதான் கடினம், ஏனென்றால் மூன்றிலும் உயரமான கம்பிச் சக்கரமே இருக்கிறது. இங்கே கதவுக்குக் கீழே இருக்கும் கால்படியைப் பாருங்கள். முந்தியவற்றின் கால்படியில் நீளவாக்கில் மூன்று பட்டைகள் ஓடும், டி.சி.யில் இரண்டுதான். கால்படியில் ஒரு காலை ஊன்றி நிற்கும் டிரைவரின் படத்தில், அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் தெரியும் அந்தப் பட்டைகளை எண்ணினாலே படத்திலுள்ள கார் போருக்கு முந்தியதா பிந்தியதா என்பது தெரிந்துவிடும். டி.எஃப்.பில் முகப்புப் பின்புறமாகச் சாய்ந்திருக்கும். விளக்குகள் மட்கார்டோடு ஒட்டிப் பதிந்திருக்கும்.

டிரையம்ப் கார்களுக்கும் இப்படி ஒரு வழி உண்டு. 1953-இல் வந்த டி.ஆர். 2-இன் முகப்பு வெறும் வாயாகத் திறந்திருக்கும், கிரில் உள்ளே ஆழத்தில் இருக்கும். டி.ஆர். 3-இல் அந்த வாயின் விளிம்பிலேயே கட்டக்கட்டமான கிரில் வந்துவிட்டது. டி.ஆர். 3ஏ-இல் கிரில் முகப்பின் அகலம் முழுவதும் பரவியது, கதவின் வெளிப்புறத்தில் கைப்பிடியும் சேர்ந்தது.

ஜாகுவார் என்று தெரிகிறது. எந்த ஜாகுவார்?

1948-இல் அறிமுகமான எக்ஸ்.கே. 120-இன் முன்கண்ணாடி நடுவில் பிரிந்த இரண்டு துண்டு. முகப்பில் மெல்லிய செங்குத்துக் கம்பிகள் நெருக்கமாக நிற்கும். பம்பர் மிகச் சிறியது. 1954-இல் வந்த எக்ஸ்.கே. 140-இல் கம்பிகள் குறைந்து தடித்தன, பம்பர் முழு அகலத்துக்கு நீண்டது. 1957-இன் எக்ஸ்.கே. 150-இல் முன்கண்ணாடி ஒரே துண்டாயிற்று. எக்ஸ்.கே. 120-இன் பின்பக்கம் மட்டும் தெரிந்தால், பின்சக்கரத்தை மூடும் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். கம்பிச் சக்கரம் போட்ட காரில் நடு மரை துருத்தி நிற்பதால் அந்தத் தகட்டைப் பொருத்த முடியாது. எனவே தகடு இருந்தால், சக்கரமே தெரியாவிட்டாலும் உள்ளே இருப்பது தட்டுச் சக்கரம் என்று துணிந்து சொல்லலாம்.

டி-டைப்பையும் அதிலிருந்து பிறந்த எக்ஸ்.கே.எஸ்.எஸ். காரையும் பிரிக்கும் இடமும் பின்பக்கம்தான். டி-டைப்புகள் பலவற்றில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் ஒரு துடுப்பு எழும்பி நிற்கும். எக்ஸ்.கே.எஸ்.எஸ்.ஸில் அது நீக்கப்பட்டு, சாலைக்கு ஏற்ற முழு முன்கண்ணாடியும் பக்கத்து இருக்கைக்குக் கதவும் வைக்கப்பட்டன. அப்படி முழுமையாக்கப்பட்டவை 16 மட்டுமே. 1957 பிப்ரவரி 12-ஆம் நாள் தொழிற்சாலையில் பிடித்த தீயில், முடிவடையாத 9 கார்கள் அழிந்துபோயின. இவ்வளவு அரிய காரை ஒரு படத்தில் காண்பதாக நினைப்பவர், அதற்கேற்ற வலுவான சான்றைத் தேட வேண்டும்.

அளவெடுத்துக் கண்டுபிடிக்க முடியும் என்கிறார்களே, அது எப்படி?

படம் நேர்ப்பக்கவாட்டில் எடுக்கப்பட்டிருந்தால் முடியும். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரையிலான தூரத்தைப் படத்தில் அளந்து, அதை டயரின் முழு உயரத்தால் வகுக்க வேண்டும். படம் எந்த அளவில் அச்சிடப்பட்டிருந்தாலும் இந்த விகிதம் மாறாது.

எம்.ஜி. டி.சி.யை எடுத்துக்கொள்வோம். அதன் டயர் 4.50-19 என்று குறிக்கப்படும். அதாவது 19 அங்குல வளையத்துக்கு மேலும் கீழும் ஏறத்தாழ நாலரை அங்குல ரப்பர், மொத்தம் சுமார் 28 அங்குலம். இரு சக்கர மையங்களுக்கு இடையே 94 அங்குலம். விகிதம் 3.36. டி.டி.யிலும் அதே 94 அங்குலம்தான், ஆனால் 5.50-15 டயரின் உயரம் சுமார் 26 அங்குலம் என்பதால் விகிதம் 3.6 ஆகிறது. எக்ஸ்.கே. 120-க்கு 102 அங்குலமும் 28 அங்குல டயரும், விகிதம் 3.64. கடைசி இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று கவனியுங்கள். விகிதம் பொருந்தாத கார்களை விலக்குவதற்கு மட்டுமே இம்முறை உதவும். அது தனியாக நின்று ஒரு பெயரைத் தந்துவிடாது.

அளக்கும் முன் சக்கரம் உண்மையான வட்டமாகத் தெரிகிறதா என்று சோதிக்க வேண்டும். அகலம் குறைந்து நீள்வட்டமாகத் தெரிந்தால் படம் சாய்கோணத்தில் எடுக்கப்பட்டது, அப்போது கணக்குப் பொய்க்கும். ஓடும் காரின் சக்கரம் முன்பக்கமாகச் சரிந்த முட்டைவடிவில் தெரிவது வேறு காரணத்தால்: பழைய கேமராக்கள் சிலவற்றில் திரையிலுள்ள ஒரு பிளவு படத்தகட்டின் குறுக்கே நகர்ந்து படத்தைப் பகுதி பகுதியாகப் பதித்தது, அதற்குள் கார் கொஞ்சம் முன்னேறியிருக்கும்.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று எப்படி அறிவது?

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்கள் நிறைய உண்டு. அவற்றில் ஸ்டியரிங் இடம் மாறித் தெரிவதால் ஆராய்ச்சி முழுவதும் திசைமாறிப் போகும். முதலில் ஆட்களைப் பாருங்கள். சேலையின் முந்தானை இடத்தோளில் விழ வேண்டும், சட்டைப் பை இடமார்பில் இருக்க வேண்டும். அதன்பின் காரைப் பாருங்கள். எம்.ஜி. டி.சி. எல்லாமே வலப்பக்க ஸ்டியரிங்கோடுதான் தொழிற்சாலையிலிருந்து வந்தது. இடப்பக்கத்தில் ஸ்டியரிங் தெரிந்தால் படத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஜாகுவாரின் எக்ஸ்.கே. இயந்திரத்தில் புகைபோக்கி இடப்பக்கமும் கார்புரேட்டர் வலப்பக்கமும் இருக்கும். பானட் திறந்திருக்கும் படத்தில் இது ஒன்றே போதும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் காரின் நிறத்தைச் சொல்ல முடியுமா?

ஓரளவு, மிகுந்த எச்சரிக்கையோடு. பழைய பிலிம்களில் ஒரு வகை சிவப்பு ஒளியை உணராது. அதில் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகவும் நீலம் வெளிறியும் பதியும். குடும்பங்கள் சாதாரணமாக வாங்கிய கோடாக் வெரிக்ரோம் 1956 வரை அந்த வகையே. எனவே 1950-களின் தொடக்கத்தில் எடுத்த படத்தில் கன்னங்கரிய கார் தெரிந்தால் அது செக்கச்செவேல் என்று இருந்திருக்கவும் கூடும். பந்தயக் கார்களுக்கு நாட்டு நிறம் இருந்த காலம் அது: இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், பிரிட்டனுக்குப் பச்சை, ஜெர்மனிக்கு முதலில் வெள்ளையும் பிறகு வெள்ளியும், பெல்ஜியத்துக்கு மஞ்சள்.

அதே படத்தில் நிறம் தெரிந்த வேறொரு பொருளைத் தேடுங்கள். செம்மண் பாதையும் நெற்றிக் குங்குமமும் கரிய நிறத்தில் பதிந்திருந்தால், அந்தப் பிலிம் எந்த வகை என்பதற்கு அது நல்ல அடையாளம். அந்தப் பிலிம் மனிதர்களின் முகத்தையும் இயல்பைவிடக் கறுப்பாகக் காட்டியது என்பதை, தாத்தாவின் படத்தைப் பார்க்கும் பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

எண் தகட்டில் ஓர் எழுத்துதான் தெரிகிறது.

அதுவும் பயன்படும். நம் நாட்டுத் தகட்டில் முதல் எழுத்து மாநிலத்தைக் குறிக்கும்: 'ஏ' பேராக், 'ஜே' ஜொகூர், 'கே' கெடா, 'என்' நெகிரி செம்பிலான், 'எம்' மலாக்கா. கோலாலம்பூருக்குரிய 'டபிள்யூ' தெரிந்தால் படம் 1974-க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் தகடு சொல்வது கார் பதிவான இடத்தை மட்டுமே. படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது.

கார் பந்தயத்தில் ஓடுவதுபோல் இருக்கிறது. எந்த ஆண்டு, எந்தப் பந்தயம்?

முதலில் காலத்தைக் குறுக்குங்கள். ஓட்டுநருக்கு முன்னால் நீண்ட பானட் இருந்தால் இயந்திரம் முன்னே இருக்கிறது. அவர் மூக்கின் அருகே உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் உடற்பகுதி நீண்டிருந்தால் இயந்திரம் பின்னே. பின்னியந்திரக் கூப்பரில் ஜாக் பிராபம் 1959-இல் உலகப் பட்டம் வென்றார். முன்னியந்திரக் கார் கடைசியாக ஃபார்முலா 1 பந்தயம் வென்றது 1960-இல், இத்தாலியில். ஆனால் சிறிய பந்தயங்களில் பழைய கார்கள் இன்னும் பல ஆண்டுகள் ஓடின. காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளும் முகத்தை முழுவதும் மூடும் தலைக்கவசமும் 1968 முதல் தோன்றின. வழவழப்பான, வரியில்லாத டயர் 1970-களுக்கு உரியது.

பிறகு இடம். சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி நடந்தது, சுமார் 4.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுற்றில் மின்கம்பங்களும் மழைநீர்க் கால்வாயும் சாலையை ஒட்டியே இருந்தன. நம் நாட்டுக்கென்று தனிப் பந்தயத்திடல் 1968-இல் பத்து தீகாவில் திறக்கப்பட்டது. பின்புலத்தில் பொதுச் சாலையின் அடையாளங்கள் இருந்தால் பத்து தீகாவை விலக்கிவிடலாம்.

அதன் பிறகுதான் பந்தய எண். ஒரே எண்ணை ஆண்டுதோறும் வேறு வேறு கார்கள் தாங்கும் என்பதால், ஆண்டு தெரியாமல் எண்ணை வைத்துத் தேடுவது வீண். ஆண்டு குறுகியபின் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்களைப் பாருங்கள். கார், ஓட்டுநர் பெயர்கள் அங்கே கிடைக்கும். 1961-இல் இயன் பார்ன்வெல் ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.3எஸ் காரில் வென்றார். 1962-இல் யோங் நாம் கீ ஜாகுவார் ஈ-டைப்பிலும், 1963-இல் ஆல்பர்ட் பூன் லோட்டஸ் 23-இலும் வென்றார்கள். டி.பி.3எஸ் மொத்தமே 31 செய்யப்பட்டது. முன்சக்கரத்துக்குப் பின்னால் உடற்தகடு உள்வாங்கி வெட்டப்பட்டிருப்பது அதன் அடையாளம். தாம்சன் சாலைப் படத்தில் அந்த வெட்டு மட்டும் தெரிந்தாலும் தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத கார். மிகவும் அரிய வகையாக இருக்குமா?

பெரும்பாலும் அது ஒரு 'ஸ்பெஷல்' ஆக இருக்கும். ஒரு நிறுவனத்தின் அடிச்சட்டத்தில் இன்னொன்றின் இயந்திரத்தைப் பொருத்தி, மேலுடலைத் தாங்களே தட்டிச் செய்த கார். 1922 முதல் 1939 வரை செய்யப்பட்ட ஆஸ்டின் செவன் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. தொடக்ககாலக் கார்களில் அதன் சக்கர மையங்களுக்கு இடையே 75 அங்குலமே இருந்தது. மிகக் குட்டையான, மிகக் குறுகிய ஒரு பந்தயக் காரைக் கண்டால் முதலில் அதை நினையுங்கள். பெயரில்லாத காரைப் புகழ்பெற்ற பெயருக்குள் திணிப்பது அதைச் செய்த கைகளுக்குச் செய்யும் அநீதி.

போலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வுக்கும் ஜாகுவார் டி-டைப்புக்கும் பிற்காலத்தில் நகல்கள் பல வந்தன. அண்மையில் கைப்பேசியில் எடுத்த படமாக இருந்தால், அடிச்சட்ட எண்ணைப் பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது. பழைய குடும்பப் படத்தில் அந்தச் சிக்கல் குறைவு: 1958-இல் எடுத்தது என்று உறுதியான படத்தில் பிற்கால நகல் இருக்க வழியில்லை. படத்தின் தேதியை நிலைநாட்டுவதற்கு நான் இவ்வளவு நேரம் செலவிடுவது இதனால்தான்.

கைப்பேசிச் செயலியில் போட்டால் உடனே பெயர் வருகிறதே?

அது அதிகமாகப் பார்த்துப் பழகிய கார்களின் பெயரைச் சொல்லும். அரிய கார்களோ அதற்குப் பழக்கமில்லாதவை. ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், விடையாக ஏற்காதீர்கள். மங்கிய படத்தைக் கூர்மையாக்கும் செயலிகளைத் தயவுசெய்து பயன்படுத்தவே வேண்டாம். கால்படியில் இரண்டு பட்டையா மூன்று பட்டையா என்று பார்க்க வேண்டிய இடத்தில், அவை இல்லாத பட்டையை வரைந்து கொடுத்துவிடும்.

படத்தை எப்படி அனுப்ப வேண்டும்? ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிய்க்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடோ தாளோடோ ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் பூச்சு அங்கேயே தங்கிவிடும். ஒட்டியபடியே, பகல் வெளிச்சத்தில், மினுமினுப்பு விழாத கோணத்தில் எடுங்கள். தனியாக இருக்கும் சிறிய படங்களை 1200 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யுங்கள். ஓரங்களை வெட்ட வேண்டாம். பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பூஞ்சை இருந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம்.

இந்தக் கார் இன்று எவ்வளவு விலை போகும்?

படத்தை வைத்து விலை சொல்ல இயலாது.

இரண்டு வகைகளுக்கு நடுவில் முடிவெடுக்க முடியவில்லை என்றால்?

இரண்டையும் எழுதுங்கள். "எம்.ஜி. டி.ஏ. அல்லது டி.பி.; கால்படியில் மூன்று பட்டைகள், உயர்ந்த கம்பிச் சக்கரம்; முகப்பு படத்தில் இல்லை" என்ற குறிப்பு, "எம்.ஜி. டி.பி." என்ற துணிச்சலான ஒற்றைப் பெயரைவிட அடுத்து வருபவருக்கு அதிகம் உதவும். எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பது குறிப்பில் இருந்தால், நாளை வேறொரு படம் கிடைக்கும்போது அதைத் திருத்தவும் முடியும்.

அதே குறிப்பில் படத்திலிருக்கும் ஆட்களின் பெயர், உறவு, தோட்டம், டிவிஷன், செய்த வேலை ஆகியவற்றையும் எழுதுங்கள். காரின் உரிமையாளரான துரையின் பெயர் அக்காலச் செய்தித்தாளில் கிடைக்கக்கூடும்; அந்தக் காரைத் துடைத்து, பழுது பார்த்து, ஈப்போ வரை ஓட்டிச் சென்ற டிரைவரின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்திருக்காது, வீட்டில் மூத்தவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்களிடம் இப்போதே கேளுங்கள். பட்டறையில் வேலை செய்த பெரியவர் ஒருவர் இருந்தால் படத்தையும் காட்டுங்கள். சக்கர மரையைக் கழற்றச் சுத்தியலால் எந்தத் திசையில் தட்டினோம் என்று அவர் சொல்வதுகூடச் சான்றுதான். படத்தின் பின்பக்கத்தில் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் தடமாகத் தெரியும், மையும் காலப்போக்கில் ஊறிவிடும்.